கணினி நோயும் காப்பும்
(ஒரு வரலாற்று நோக்கு)

நோய் என்னும் சொல் உயிருள்ளவற்றுக்கே உரியது. இரும்புக்குத் துருவுண்டு, மரத்துக்குச் செல்லுண்டு, பொறிக்குத் தேய்மானம் உண்டு. ஆனால், ஒரு பொறி மற்றொரு பொறியைத் தொட்ட மாத்திரத்தில் அதனிடமிருந்து நோயைப் பெறும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பு எவரேனும் சொல்லியிருப்பின், கேட்டோர் நகைத்திருப்பர். 1966-ஆம் ஆண்டில் மலேசியாவின் தேசிய மின்சார வாரியத்திற்கு முதற்கணினி வந்தபோது, அதனைத் தொடும் உரிமை பெற்றோர் மிகச் சிலரே. இன்றோ, ஜொகூரின் செம்பனைத் தோட்டத்து வீடுகளிலும் மடிக்கணினியைக் காண்கின்றோம். 2020 மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பின்னர்ப் பள்ளிப் பாடமே அதன் வழியாக வீட்டுக்குள் வந்தது. பொறி பெருகவே, அதன் நோயும் பெருகிற்று.

இந்நோய்க்கு மருந்தொன்று வாங்கிக் கணினியில் இட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்று பலரும் கருதுகின்றனர். அக்கருத்து முற்றும் சரியன்று என்பதை இந்நோயின் வரலாறே காட்டும். அதனை எடுத்துரைத்து, வீட்டில் நாம் செய்ய வேண்டுவன யாவை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த வரலாறு

வைரஸ் என்பது இலத்தீன் சொல். நஞ்சு என்பது அதன் பழம்பொருள். கணினிக்கு அச்சொல் வந்தது 1983-ஆம் ஆண்டில். அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பிரெட் கோகன் என்பார், தன்னைத் தானே மற்ற நிரல்களுக்குள் படியெடுத்துக் கொள்ளும் நிரல் ஒன்றை எழுதி, வகுப்பில் இயக்கிக் காட்டினார். அதற்கு வைரஸ் என்னும் பெயரைக் கூறியவர் அவர்தம் ஆசிரியர் இலெனார்டு ஏடில்மன். தமிழில் நச்சுநிரல் என்று வழங்குவது பொருத்தமே. நிரல் என்பது கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுதி. நல்ல நிரல் நம் ஏவலைச் செய்கின்றது; நச்சுநிரலோ பிறன் ஏவலை நம் வீட்டில் இருந்து கொண்டே செய்கின்றது. இரண்டிற்கும் வேறுபாடு இவ்வளவே.

பெயர் வருமுன்பே பொருள் தோன்றிவிட்டது. 1971-இல் பாப் தாமசு என்னும் அமெரிக்க அறிஞர், ஆர்பாநெட் என்னும் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்து செல்லும் நிரல் ஒன்றை ஆய்வுக்காக எழுதினார். கிரீப்பர் என்பது அதன் பெயர். அதனைத் தேடிப்பிடித்து நீக்குதற்கு ரீப்பர் என்னும் நிரல் பின்னர் எழுதப்பட்டது. நோய் தோன்றியவுடன் மருந்தும் தோன்றியதைக் காண்க. 1982-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரிச் சுகிரென்டா என்னும் பதினைந்து வயது மாணவன் எழுதிய எல்க் குளோனர், நெகிழ்வட்டு வழியாகப் பரவி, ஐம்பதாம் முறை கணினியைத் தொடங்கும்போது ஒரு வேடிக்கைப் பாட்டைத் திரையில் காட்டிற்று. இவையெல்லாம் விளையாட்டுக் காலத்துச் செய்திகள்.

இலாகூரில் ஒரு கடை

விளையாட்டு வினையான இடம் நமக்கு அண்மையிலே உள்ளது. பாகிசுதானின் இலாகூர் நகரில் பாசித், அம்சத் பரூக் ஆல்வி என்னும் உடன்பிறந்தார் இருவர் கணினிக் கடை நடத்தி வந்தனர். தாம் எழுதிய மருத்துவ நிரலைப் பிறர் விலை கொடாமல் படியெடுப்பதைத் தடுக்க எண்ணி, 1986-இல் ஒரு நிரலை அவர்கள் எழுதினர். பிரெயின் என்று அதற்குப் பெயர். அது நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்து கொள்ளும். கணினியில் அவ்வட்டை இட்டுத் தொடங்கினால் நினைவகத்தில் அமர்ந்து, பின் இடப்படும் வட்டுகளையெல்லாம் பற்றும். வியப்பு என்னவெனில், அந்நிரலுக்குள் தம் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அவர்களே எழுதி வைத்திருந்தனர். கடல் கடந்த நாடுகளிலிருந்தும் மக்கள் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாயினர். ஐபிஎம் வகைத் தனியாள் கணினிகளில் பரவிய முதல் நச்சுநிரல் இதுவே என்பர்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. இந்நோய் பிறந்ததே திருட்டுப் படியிலிருந்துதான். இன்றும் விலை கொடாமல் பெறும் திருட்டு மென்பொருள் நச்சுநிரலின் வாகனமாக இருப்பதை நோக்கின், நாற்பது ஆண்டுகளில் அவ்வழி மாறவில்லை என்பது விளங்கும்.

பணம் கேட்கும் வழக்கமும் விரைவிலேயே வந்தது. 1989 டிசம்பரில் எயிட்சு நோய் பற்றிய செய்தி அடங்கியது என்று சொல்லி, ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் அஞ்சலில் பலருக்கும் அனுப்பப்பட்டன. அவ்வட்டு கணினி தொடங்கப்படும் முறைகளை எண்ணிக்கொண்டே இருந்து, தொண்ணூறாம் முறையளவில் கோப்புகளின் பெயர்களை மறைத்து விட்டு, பனாமாவிலுள்ள ஓர் அஞ்சற்பெட்டிக்கு 189 டாலர் அனுப்புமாறு கேட்டது. இக்காலத்தில் பிணைப்பணம் கேட்கும் நச்சுநிரல்களுக்கெல்லாம் இதுவே பாட்டன்.

காவற் படையும் சட்டமும்

1988 நவம்பர் 2-ஆம் நாள், இராபர்ட் மோரிசு என்னும் கார்னல் பல்கலைக்கழக மாணவர் வெளியிட்ட புழு நிரல், அக்காலத்து இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளுள் பத்தில் ஒரு பங்கைச் செயலிழக்கச் செய்தது எனக் கணக்கிட்டனர். அம்மாதமே அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசரகால உதவிக்குழு ஒன்று நிறுவப்பட்டது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு உலகெங்கும் குழுக்கள் தோன்றின. மலேசியாவில் 1997-ஆம் ஆண்டு மைமோஸ் நிறுவனத்தின் கீழ் மைசெர்ட் என்னும் குழு அமைந்தது. இன்று அது சைபர் செக்குரிட்டி மலேசியாவின் ஒரு பிரிவாக இயங்குகின்றது.

அதே 1997-இல் நம் நாடாளுமன்றம் கணினிக் குற்றச் சட்டத்தை இயற்றியது. சட்டம் முந்துவதன் பயனை அண்டை நாட்டு நிகழ்ச்சி ஒன்று காட்டும். 2000 மே 4-இல் காதற்கடிதம் என்னும் பெயர் கொண்ட இணைப்புடன் ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பறந்தது. இணைப்பைத் திறந்தோரின் கோப்புகளை அழித்து, அவர்தம் முகவரிப் பட்டியலிலுள்ள அனைவருக்கும் தன்னைத் தானே அனுப்பிக் கொண்டது. எழுதியவர் மணிலாவைச் சேர்ந்த ஒரு மாணவர். ஆனால், பிலிப்பைன்சில் அக்குற்றத்திற்கு அன்று சட்டம் இன்மையால் வழக்கு நில்லாது போயிற்று. அந்நாடு அடுத்த மாதமே சட்டம் இயற்றியும், முன்னே நடந்ததற்கு அது பயன்படவில்லை. நம் நாட்டுச் சட்டமோ 2000 சூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது.

இரப்பர் மரம் கூறும் பாடம்

ஒரு நச்சுநிரல் ஒரே நாளில் உலகைச் சுற்றுவது எங்ஙனம்? தோட்டத்து மக்களாகிய நமக்கு இதன் விடை எளிதில் விளங்கும். 1876-இல் என்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டு சென்ற விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளின் வழிவந்தனவே மலாயாவின் இரப்பர் மரங்கள் பெரும்பாலும். ஒரே குலத்து மரங்கள். ஆகலின், ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் எத்துணைக் கொடியது என்பதை, பிரேசிலில் என்றி போர்டு 1928-இல் தொடங்கிய பெருந்தோட்டத்தின் அழிவு காட்டிற்று. காட்டில் சிதறி நின்ற மரங்களுக்கு அந்நோய் பெருங்கேடு செய்யவில்லை. வரிசையாக நெருக்கி நட்டபோதுதான் மரத்துக்கு மரம் தாவியது. நம் நாடு இன்றுவரை அந்நோய்க்குத் தப்பி நிற்பதற்குப் பெருங்காரணம், வெளிநாட்டுச் செடியும் மண்ணும் உள்ளே வராமல் காக்கும் தடுப்பு முறை. மரத்துக்கு மருந்து தெளித்து அன்று. வாயிலைக் காத்தே பிழைத்தோம்.

கணினியும் அவ்வாறே. உலகத்து மேசைக் கணினிகளுள் மிகப் பெரும்பாலானவை ஒரே இயங்குதளத்தில் ஓடுகின்றன. ஒரு கணினியின் ஓட்டை எல்லாக் கணினிக்கும் ஓட்டை. இவ்வொப்புமையை 2003-இல் அமெரிக்கப் பாதுகாப்பு அறிஞர் சிலரும் ஓர் அறிக்கையில் எடுத்துக் காட்டினர்.

திருத்தம் முந்தியதா, தாக்குதல் முந்தியதா?

இவ்வரலாற்றின் உயிர்நிலை இவ்வினாவில் உள்ளது. 2008 நவம்பரில் கான்பிக்கர் என்னும் புழு தோன்றிப் பல இலட்சம் கணினிகளைப் பற்றியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்டு நிறுவனம் அவ்வாண்டு அக்டோபர் 23-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. 2017 மே 12-இல் வான்னாகிரை என்னும் நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப் பிணைப்பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பும் நிலை வந்தது. அதற்குரிய திருத்தமோ மார்ச்சு 14-ஆம் நாளே வந்துவிட்டது. இடைப்பட்ட நாள்கள் 59.

இருமுறையும் பூட்டு முன்னரே வந்தது. பூட்டாதவர் வீட்டிலேதான் பெரும்பாலும் திருடன் புகுந்தான். ஆதலின் காப்பின் முதற்படி, திருத்தங்களைக் காலந்தாழ்த்தாது ஏற்றலே ஆகும். வேலை நேரத்தில் தொல்லை என்று அதனை நிறுத்தி வைப்பது, மழை வருமென்று தெரிந்தும் கூரையை வேயாதிருப்பதை ஒக்கும். விண்டோசு 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது என்பதையும் பழைய கணினி வைத்திருப்போர் கருத்திற் கொள்ள வேண்டும்.

ஆசிரியர் கையில் விரலி

கான்பிக்கர் வலைவழி மட்டுமன்றி, விரலி எனப்படும் பென் டிரைவ் வழியாகவும் பரவிற்று. இதில் ஆசிரியராகிய நமக்குப் பங்குண்டு. வினாத்தாள், பாடத்திட்டம், விழாப் படங்கள் ஆகியவை பள்ளிக்குப் பள்ளி விரலியிலே சென்றன. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், விரலியைச் செருகியதும் கோப்புகள் மறைந்து குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் நின்ற காட்சியைக் காணாத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அரியர். கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டன, அவ்வளவே. இதனை அறியாது விரலியை முற்றும் துடைத்து, பல்லாண்டு உழைப்பை இழந்தோரும் உண்டு. நம் பள்ளிகளின் பழைய மலர்களும் மாணவர் படைப்புகளும் வேறெங்கும் படியில்லாதவை. அவை போனால் ஒரு தோட்டத்தின் வரலாறே போனதாகும். அத்தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் பெயர்ந்து போயிருப்பின், மீட்டெழுதவும் ஆளிருக்காது.

வீட்டில் செய்ய வேண்டுவன

வரலாறு காட்டிய வாயில்கள் நெகிழ்வட்டு, மின்னஞ்சல், வலை, விரலி என நான்கு. அவற்றோடு இன்று கைப்பேசியும் சேர்ந்தது. திருமண அழைப்பிதழ் என்றும் வீடு துப்புரவுச் சேவை என்றும் வாட்சாப்பில் வரும் ஏபிகே கோப்பை நிறுவி, வங்கிப் பணத்தை இழந்தோர் செய்தி நம் நாட்டில் அடிக்கடி வருகின்றது. செயலியை அதற்குரிய அங்காடியிலிருந்தன்றி வேறிடத்திலிருந்து நிறுவலாகாது. பணம் பறிபோயின், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும்.

காப்பு மென்பொருளும் தேவையே. சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7 நிறுவனத்தின் காப்பு நிரல் ஜப்பானிய வீடுகள் வரை சென்றிருப்பது தமிழர் மகிழத்தக்கது. ஆயினும் ஒரு கணினிக்கு ஒரு காவலனே போதும். இரண்டை ஒருங்கே நிறுவினால் ஒன்றையொன்று ஐயுற்றுக் கணினியைத் தளரச் செய்யும். விண்டோசில் உடன்வரும் காப்பே வீட்டுக்குப் பெரும்பாலும் போதுமானது.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு அமைத்து, அதற்கு மென்பொருள் நிறுவும் அதிகாரம் கொடாதிருத்தல் நன்று. பிள்ளை அறியாமல் அழுத்தினும், நிறுவுவதற்குப் பெற்றோரின் கடவுச்சொல் கேட்கப்படும்.

கணினி மெல்ல ஓடுவதெல்லாம் நோயென்று அஞ்சற்க. தொடங்கும்போதே தாமாக எழும் நிரல்கள் மிகுந்திருத்தல், வன்தட்டு நிரம்பியிருத்தல், நினைவகம் குறைந்திருத்தல் ஆகியவையே பெரும்பாலும் காரணம். வேண்டாத நிரல்களை நீக்கி, வட்டில் ஐந்தில் ஒரு பங்கேனும் காலியாக வைத்தால் பொறி இளைப்பாறும். தோட்டத்துச் செம்மண் புழுதி காற்றாடியை அடைத்தால் சூடேறித் தளரும். ஆண்டுக்கு இருமுறையேனும் துடைக்க வேண்டும். இடி மின்னலுக்குப் பேர்போன நாடு நம்முடையது. வானம் இருண்டவுடன் மின்செருகியைக் கழற்றிவிடல் அறிவுடைமை.

எல்லாவற்றினும் தலையாயது படியெடுத்து வைத்தல். இன்றியமையாத கோப்புகளுக்கு மூலமன்றி இரு படிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று கணினியோடு இணையாது தனியே இருத்தல் வேண்டும். இணைந்திருக்கும் படியையும் பிணைப்பண நிரல் பூட்டிவிடும். எடுத்த படி திறக்கின்றதா என்று இடையிடையே திறந்தும் பார்க்க வேண்டும்.

முடிவுரை

தமிழகக் கரையிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் நெடுங்காலம் மலேரியாவால் மாண்டனர். கொயினா மருந்து சிலரைக் காத்தது. ஆயினும், தேங்கிய நீரை வடித்து வாய்க்கால் வெட்டிய பின்னரே தோட்டங்கள் வாழத்தக்கன ஆயின. கணினிக்கும் அதுவே நெறி. மருந்து வேண்டும், ஆனால் வாய்க்காலை மறத்தலாகாது. வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, மாணவரையும் உடன் அமர்த்திக் கற்பிப்பின், வகுப்பறையில் கற்ற வழக்கம் வீட்டுக்கும் செல்லும். நம் ஆசிரியப் பெருமக்கள் இவ்வாண்டே தத்தம் பள்ளியின் பழைய மலர்களுக்கு இரு படிகள் எடுத்து வைப்பாராயின், அதுவே நற்றொடக்கமாகும்.