எல்லையோரக் கடைத்திண்ணை

பெருவேந்தர்களின் போர்களையும் கோட்டைகளையும் விரித்துரைக்கும் வரலாறு, அரைப்படி அரிசி அளந்து, அரையணாவுக்குப் புளி கட்டிக் கொடுத்த கடைக்காரரைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. ஆயினும், பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்த நம்போன்ற குடும்பத்தினர் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். உற்றார் உறவினர் எவருமில்லாத புதிய ஊரில் நம்மை முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைத்தவர் யார்? கையில் காசில்லாத மாதக் கடைசியில் நம் வாய்ச்சொல்லை நம்பிப் பொருள் கொடுத்தவர் யார்? பலரும் தெருமுனை மளிகைக் கடைக்காரரையே சுட்டுவர். சங்கங்கள் தோன்றுவதற்கு முன்னர்த் தமிழர் கூடிய இடம் அவருடைய கடைத்திண்ணையே ஆகும்.

கேரள மாநிலத்தின் கிழக்கெல்லையில் தமிழ் வழங்கும் பகுதிகள் இரண்டு உள. ஒன்று, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சமவெளி. மற்றொன்று, மூணாறு, தேவிகுளம், பீருமேடு முதலிய இடங்களைக் கொண்ட இடுக்கி மலைநாடு. இவ்விரு பகுதிகளிலும் சிறு கடையானது மக்கள் கூடும் மன்றமாய் வளர்ந்த வரலாற்றை இம்மலரில் அன்பர்களுக்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

அங்காடியும் கணவாயும்

பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் மதுரைக்காஞ்சியில் பேசப்படுகின்றன. வணிகரின் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. ஆகவே அங்காடி தமிழர்க்குப் புதியதன்று. எல்லையோரத்திலோ அது வேறொரு கடமையையும் மேற்கொண்டது.

முன்னாளில் மலைக்கு இருபுறத்தும் அரசுகள் வெவ்வேறாக இருந்தன. கிழக்கே ஆங்கிலேயரின் சென்னை மாகாணம். மேற்கே திருவிதாங்கூரும் கொச்சியும். இன்றைய பாலக்காட்டு மாவட்டத்திலும் பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்து மலபாரைச் சார்ந்தது. சிற்றூர் கொச்சி அரசைச் சார்ந்தது. சுங்கச் சாவடிகள் வணிகத்தை வருத்தின. 1865-ஆம் ஆண்டு இம்மூன்று அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையால் அத்தடைகள் பெரிதும் நீங்கின. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1862-இல், சென்னையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூரை எட்டியிருந்தது. சரக்கும் ஆளும் தடையின்றிப் போய்வரத் தொடங்கின.

மலையேறிய அரிசி

இடுக்கி மலைநாட்டின் கதை வேறு. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897-இல் அங்குத் தோட்டக் குழுமம் நிறுவப்பெற்றுத் தேயிலை பெருகியது. காட்டைத் திருத்தவும் கொழுந்து பறிக்கவும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். முன்பணம் பெற்றுக் குடும்பம் குடும்பமாக மலையேறிய மக்கள், 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளில் குடியமர்ந்தனர்.

மலையில் தேயிலை விளைந்ததேயன்றி அவர்களுக்கு வேண்டிய நெல் விளையவில்லை. அரிசி, பருப்பு, மிளகாய், கருவாடு, துணி யாவும் கீழ்நாட்டிலிருந்தே வந்தாக வேண்டும். முதலில் பொதிமாடுகள் சுமந்தன. பின்னர் டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டிலிருந்து போடிநாயக்கனூர்ப் பக்கத்து அடிவாரத்துக்குக் கம்பிவடப் பாதை அமைந்தது. அதன் வழியே தேயிலை இறங்கியது, அரிசி ஏறியது. 1908-இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே சிறு இரயில் ஓடத் தொடங்கியது. 1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெய்த பெருமழை அவ்விருப்புப் பாதையை அழித்தது. மூணாற்றுக் கடைவீதியும் வெள்ளத்தில் மூழ்கியது. மலையாள ஆண்டு 1099-இல் நேர்ந்தமையால் அதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று முதியோர் கூறுவர். இரயில் மீண்டும் ஓடவில்லை. கடைவீதி மீண்டும் எழுந்தது. உண்ணும் வாய் உள்ளவரை கடை இருந்தே தீரும் அன்றோ!

இக்கடைகளை நடத்தியோர் ஒரே குலத்தினர் அல்லர். தென்பாண்டி நாட்டு நாடார்களும், இராவுத்தர்களும், செட்டியார்களும், மலையாள வணிகரும் அருகருகே கடை விரித்தனர். இவர்களுள் நாடார் வணிகர் விற்பனையில் ஒரு சிறு பகுதியை 'மகமை' என ஒதுக்கி ஊர்ப்பொதுவுக்கு வழங்கும் வழக்கம் உடையவர். விருதுநகரில் 1885-இல் எழுந்த சத்திரிய வித்தியாசாலை அம்மகமையின் பயனாகும். 1921-இல் தூத்துக்குடியில் அவர்கள் தொடங்கிய வங்கியே இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என வழங்குகின்றது. சிறு கடையின் சில்லறைக் காசு பள்ளியாகவும் வங்கியாகவும் வளரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பற்றுப் புத்தகம்

கடையின் உயிர் அதன் பற்றுப் புத்தகத்தில் இருந்தது. குடும்பத் தலைவரின் பெயரை ஏட்டின் மேலே எழுதி, நாள்தோறும் வாங்கிய பொருளை அதன் கீழ்ப் பதிவர். எண்ணெய்ப் புட்டியுடன் வரும் சிறுவன் காசு கொண்டுவர வேண்டுவதில்லை. தன் தந்தையின் பெயரைச் சொன்னால் போதும். சம்பள நாளில் கணக்குப் பார்ப்பர். முழுதும் தீர்த்தவர் சிலர். மீதியை அடுத்த திங்களுக்குத் தள்ளியவர் பலர்.

இப்புத்தகத்துக்கு இரு முகங்கள் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. கங்காணியே கடன் கொடுப்பவராகவும் இருந்த இடங்களில், கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு அகல இயலாது மக்கள் தவித்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, அவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைம்மாற்றவே பயன்பட்டது. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. எடையில் குறைத்தும் விலையில் ஏற்றியும் ஏழையை வருத்திய கடைகளும் இருந்திருக்கும். எனினும், பிள்ளைப்பேறு, நோய், மழைக்கால வேலையின்மை ஆகிய வேளைகளில் அக்குடும்பங்களுக்கு வங்கிக் கதவு திறக்கவில்லை, கடைக்கதவே திறந்தது. கடன் விலங்காவதும் துணையாவதும் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தன.

திண்ணையில் வளர்ந்த செய்தி

கடைமுன் கிடந்த பலகையும் திண்ணையும் வணிகத்துக்கு அப்பாற்பட்ட பணி பலவற்றைச் செய்தன. 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி' போன்ற எளிய நடை நாளிதழ்கள் தமிழர் வாழுமிடமெங்கும் பரவிய காலத்தில், எழுத்தறிந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்க, பதின்மர் சூழ்ந்து கேட்டனர். வீட்டுக்கு வீடு வானொலி இல்லாத நாளில் கடை வானொலியே ஊர் வானொலி. சொந்த ஊரிலிருந்து வரும் கடிதத்துக்கும் தந்திக்கும் கடையின் முகவரியே முகவரி. மணமகன் தேடுவதும், திருவிழாவுக்கு வரி பிரிப்பதும், இறந்தவர் செய்தி சொல்லி ஆள் அனுப்புவதும் அங்கேதான் நிகழ்ந்தன.

ஊரார்க்கு உலக நடப்பை விளக்கும் ஆசிரியராகவும் கடைக்காரர் இருந்தார். திருவிதாங்கூரில் சக்கரம் என்னும் நாணயம் வழங்கிய காலத்தில் ஆங்கில ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். இரு நாணயங்களும் புழங்கிய எல்லையோரத்தில் அக்கணக்கு கடைக்காரரின் விரல்நுனியில் இருந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்தது; பதினாறணா ரூபாய் நூறு காசு ரூபாயாயிற்று. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்றதும் மக்கள் மயங்கினர். பின்னர்ப் படியும் வீசையும் போய்க் கிலோ வந்தது. இம்மாற்றங்களை அரசு அறிவித்தது. பொறுமையாக எடுத்துரைத்தவர் தராசு பிடித்தவரே.

எல்லைக்கோடு

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதற்கு முன், தேவிகுளம், பீருமேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்குமாறு திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார் போராடினர். 1954-இல் நேசமணி முதலியோர் தேவிகுளத்தில் கைது செய்யப்பெற்றனர். அவ்வட்டங்கள் கேரளத்தோடே நின்றன. அந்நாளைய வாதத்தில் பெரிதும் அடிபட்ட கேள்வி ஒன்று உண்டு: இங்குள்ள தமிழர் நிலைத்த குடிகளா, வந்து போகும் கூலிகளா?

முடிந்த வழக்கைப் புதுப்பிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் அக்கேள்விக்கு விடை கூறவல்ல ஆவணம் ஒன்று கடைகளில் இருந்தது. பாட்டன் பெயரில் தொடங்கி, தந்தை பெயருக்கு மாறி, மகன் பெயரில் தொடரும் பற்றுக் கணக்கு வந்து போகும் கூலியின் கணக்காகுமோ? லயத்து வீடோ வேலை உள்ளவரைதான். ஓய்வு பெற்றால் காலி செய்தல் வேண்டும். நிலமும் வீடும் தம் பெயரில் இல்லாத மக்களுக்கு, ஊரில் தம் பெயர் எழுதப்பெற்றிருந்த இடங்களுள் ஒன்று அந்தக் கடையேடு.

பாலக்காட்டு எல்லையிலோ கோடு மெல்லியது. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே கடையில் ஒலிக்கும். ஒருவர் மலையாளத்தில் கேட்க, மற்றவர் தமிழில் விலை சொல்ல, இருவர்க்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதும் உரிமையை வழங்கியது. சட்டம் தந்த அவ்விணக்கத்தைக் கடைத்திண்ணை முன்னரே பழக்கத்தில் கொண்டிருந்தது எனலாம்.

இவ்விணக்கம் சோதனைக்குள்ளான நாட்களும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்று அணை பற்றிய பூசல் முற்றியபோது, குமுளி, கம்பம் பகுதிகளில் இருமொழி வணிகரும் ஏலத்தோட்டத் தொழிலாளரும் ஒருங்கே துன்புற்றனர். 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது எல்லைச் சாலைகள் அடைபட்டன. அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாளிரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. எழுபது உயிர்கள் மாய்ந்தன. தலைமுறைகள் பல உழைத்த மண்ணில் இம்மக்களின் இருப்பு எத்துணை மெல்லிய இழையில் தொங்குகின்றது என்பதை அவ்விரவு காட்டியது.

நம் கடமை

கேரள அரசின் நியாயவிலைக் கடைகளும் மாவேலி அங்காடிகளும் ஏழையின் சுமையைக் குறைத்தன. பேரங்காடிகளும் கைப்பேசிப் பணமும் இன்று பெருகிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் கல்வி கற்று நகரங்களுக்குச் செல்கின்றனர். இவை யாவும் வரவேற்கத் தக்கனவே. சென்ற காலத்தின் கடன் சுமையை எவரும் மீண்டும் விரும்பார். ஆயினும், பெயர் சொல்லி நலம் கேட்கும் ஒருவர் இல்லாத தெருவில் குடும்பங்கள் அருகருகே வாழ்ந்தும் அயலாராகவே நிற்றல் கூடும். அக்குறையை நீக்கவே நம் சங்கம் போன்ற அமைப்புகள் உள்ளன. திண்ணையின் பணியைத்தான் நாம் மேடையிட்டு ஆண்டுதோறும் செய்கின்றோம்.

அன்பர்களுக்கு வேண்டுகோள் ஒன்று. உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ பழைய பற்றுப் புத்தகம் ஒன்று இருக்குமாயின், அதனைப் பழந்தாளாக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த ஆண்டில் என்ன விலை, எந்தத் திங்களில் எவ்வளவு கடன், எந்நாளில் மருந்து, எந்நாளில் மணத்துணி என்பவற்றையெல்லாம் அது கூறும். பெயர்ந்து வந்த தமிழரின் வரலாற்றை நாளை ஒருவர் எழுதப் புகுந்தால், அவருக்குக் கல்வெட்டும் செப்பேடும் கிடைக்கமாட்டா. மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் படிந்த அவ்வேடுகளே கிடைக்கும். முதியோர் இருக்கும்போதே அவ்வேட்டின் பெயர்களை அவர்களிடம் கேட்டு, எவர் எவரென்று குறித்து வையுங்கள். இவ்வாண்டு விழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும் இச்சிறு பணியைத் தொடங்குவராயின், இம்மலர் தன் பயனை எய்தியதாகும்.