கேஷும் காசும்



‘ஆங்கிலேயன் சொல்லும் கேஷ் நம்ம காசுதான்’ என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வருகிறது. நேற்று நம் குடும்பக் குழுவுக்கும் வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் யாராவது அதைப் பேச்சுப் போட்டியில் முழங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அது பாதிதான் உண்மை.

ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறப்பு வேறு. இன்று ‘கேஷா, கார்டா?’ என்று கடையில் கேட்கிறார்களே, அது லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் ‘கப்சா’விலிருந்து இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்தது, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்தையும் குறித்தது. நாமும் ‘இன்னைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று கேட்பது பெட்டியை அல்லவே! கேஷியர் என்பவரும் இந்தப் பெட்டி வழி வந்தவர்தான்.

இன்னொரு கேஷ் நம்முடையது. போர்த்துக்கீசியர் நம் காசை ‘கைஷா’ என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல்தான். குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதை ‘கேஷ்’ என்று எடுத்துக்கொண்டார்கள். சீனாவின் துளையிட்ட செம்பு நாணயத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். சென்னையில் கம்பெனிக் கணக்கு இப்படி: 80 காசு 1 பணம், 42 பணம் 1 வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3360 காசு. 1803ஆம் ஆண்டு பொறித்த கம்பெனிக் காசுகள் இங்கிலாந்தில் அச்சடிக்கப்பட்டு இங்கே வந்தவை. அப்படிக் காசு ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கிப்போனது.

காசு என்ற சொல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடு நினைவிருக்கிறதா? நாள், மலர், காசு, பிறப்பு. மறந்தவர்கள் கையை உயர்த்தவும்!

ஆகவே போட்டிக்குப் போகும் பிள்ளைகள் கேஷை விட்டுவிட்டு, ஆங்கில அகராதியில் ஏறிய கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத்தண்ணீரையும் சொல்லட்டும். அவற்றை யாரும் மறுக்க முடியாது.

நம் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. அங்கே 16 காசு 1 சக்கரம், 28 சக்கரம் 1 ரூபாய். அந்தப் பக்கத்து உறவினர்கள் யார் வீட்டிலாவது சங்கு முத்திரை போட்ட பழைய காசு கிடந்தால், படம் எடுத்துக் கீழே போடுங்கள்.