ஆட்டமும் தோட்டமும்

"முகாமையாளரை மாற்ற வேண்டுமா, வேண்டாமா?" இக்கேள்வியை மடுல்சீமை மலைகளில் இரண்டு பொருளில் கேட்கலாம். இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகங்களின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கண்டு, தம் கழகம் தோற்ற மறுநாள் காரசாரமாக வாதிடும் இளைஞரின் கேள்வி ஒன்று. அவ்விளைஞரின் பாட்டன்மாரும் பாட்டிமாரும் தோட்டத்துத் துரையைப் பற்றி லயத்துச் சுவர்களுக்குள் தாழ்ந்த குரலில் கேட்ட கேள்வி மற்றொன்று. முன்னது வேலையற்றோர் வீண்பேச்சு என்று ஒதுக்கும் பெரியோர் நம்மிடையே உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நிறுவனத்தில் உழைப்பவரும் அதன்மீது உயிரை வைத்திருப்பவரும் அதன் தலைமையைப் பற்றிச் சொல்லும் சொல் செல்லுமா, செல்லாதா என்பதே இரண்டிலும் உள்ள வழக்கு. அவ்வழக்கின் வரலாற்றில் ஒரு முக்கியமான ஏடு இதே ஊவா மாகாணத்தில் எழுதப்பட்டது. அதற்குப் போகுமுன் ஆட்டத்தின் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

உதைபந்தாட்டக் கழகங்கள் பலவும் உழைப்பாளிகள் பெற்ற பிள்ளைகள். 1850ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் நெசவாலைகளில் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்தியது. போராடிப் பெற்ற அந்த அரைநாள் ஓய்வில் வளர்ந்ததே மக்கள் ஆட்டம். இன்று உலகெங்கும் பெயர் விளங்கும் மான்செஸ்டர் யுனைட்டெட், 1878இல் நியூட்டன் ஹீத் என்னுமிடத்தில் ரயில் பெட்டி கட்டும் பட்டறைத் தொழிலாளர் தொடங்கியது. ஆர்சனல் 1886இல் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்தது. 1883இல் பிளாக்பேர்ன் ஒலிம்பிக் என்னும் தொழிலாளர் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவரான சீமான்களை வென்று இங்கிலாந்துக் கிண்ணத்தை வடக்கே கொண்டு சென்றது. அதன்பின் சீமான்கள் அந்தக் கிண்ணத்தை வென்றதே இல்லை.

ஆனால், ஆடுகளத்தில் தோற்றவர்கள் அலுவலக அறையில் வென்றார்கள். கழகங்கள் பங்குக் கம்பெனிகளாயின. ஆலை முதலாளிகளும் சாராய வடிப்போரும் இயக்குநர்களாக அமர்ந்தனர். அணியில் யார் ஆடுவது என்பதைக்கூட அவர்களே ஒரு குழுவாகக் கூடி முடிவு செய்தனர். இன்று நாம் அறியும் முகாமையாளர் என்ற அதிகாரமுள்ள மனிதர் பின்னாளில் தோன்றியவர். 1925இல் ஆர்சனலுக்கு வந்த ஹெர்பர்ட் சாப்மன்தான் ஆட்டக்காரரைத் தேர்வதிலும் ஆட்ட முறையை வகுப்பதிலும் தம் சொல்லே இறுதி என்று நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர். இங்கிலாந்தின் தேசிய அணியிலோ, 1963இல் ஆல்ஃப் ராம்சி பொறுப்பேற்கும்வரை குழுவின் கையே ஓங்கியிருந்தது.

இந்த மாற்றத்தில் இயக்குநர்களுக்கு ஓர் இலாபமும் கிடைத்தது. வெற்றி வந்தால் கழகத்தின் பங்கு மதிப்பு உயரும். தோல்வி வந்தால் கூட்டத்தின் கோபத்தைத் தாங்க ஒரு மனிதர் முன்னால் நிற்கிறார். ஊரில் மழை பொய்த்தால் பூசாரியை மாற்றுவது போல, அவரை மாற்றிவிட்டால் ஓராண்டுக்கு அமைதி.

இரசிகரின் தீர்ப்பு எப்போதும் சரியாயிருந்ததா? இல்லை. 1973 அக்டோபரில், டார்பி கவுண்டியின் முகாமையாளர் பிரையன் கிளஃப், கழகத் தலைவரோடு பிணங்கிப் பதவி விலகினார். முந்திய ஆண்டில்தான் அக்கழகத்துக்கு முதன்முறையாக லீக் பட்டத்தை வென்று கொடுத்தவர் அவர். அவரைத் திரும்ப அழைக்கக் கோரி இரசிகர் ஊர்வலம் போயினர். ஓர் எதிர்ப்பு இயக்கமே அமைத்தனர். ஆட்டக்காரர்களும் இயக்குநர் சபைக்குக் கடிதம் எழுதினர். சபை அசையவில்லை. அவருக்குப் பதிலாக வந்த டேவ் மக்கே 1975இல் அதே பட்டத்தை வென்றார். 1989 டிசம்பரில் மான்செஸ்டரில் இதற்கு நேர்மாறான காட்சி. அலெக்ஸ் பெர்குசன் வந்து மூன்று ஆண்டுகளாயின, பலன் ஒன்றுமில்லை, போய்வரட்டும் என்று பொருள்பட ஒரு படுக்கை விரிப்பில் எழுதி அரங்கில் தூக்கிப் பிடித்தார் ஓர் இரசிகர். பெர்குசன் போகவில்லை. 1990இல் கிண்ணம் வந்தது. 1993இல், 26 ஆண்டு வறட்சிக்குப் பின், லீக் பட்டம் வந்தது. 2013இல் அவராக ஓய்வு பெறும்வரை அந்நாற்காலி அவருடையதாகவே இருந்தது.

இந்தப் படுக்கை விரிப்பைச் சொல்லிச் சொல்லியே, "கூட்டத்துக்கு என்ன தெரியும்? அறிந்தவரிடம் விடுங்கள்" என்று வாயடைப்பவர்கள் பலர். இந்த வாதத்தை நாம் முன்பும் கேட்டிருக்கிறோம். மலைநாட்டில் நூறாண்டுக்கு மேலாகக் கேட்டு வருகிறோம். இயக்குநர்கள் தாமே தேர்ந்து, தாமே புகழ்ந்து, தாமே விரட்டிய முகாமையாளர்களின் பட்டியலை மட்டும் யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. தவறு செய்ததனால் இயக்குநர்களின் உரிமை பறிபோகவில்லை. இரசிகன் ஒருமுறை தவறினால் மட்டும் அவன் வாய் அடைபட வேண்டுமாம்!

2005இல் மான்செஸ்டர் கழகத்தை அமெரிக்கக் கோடீசுவரர் மால்கம் கிளேசர் வாங்கினார். வாங்குவதற்குப் பட்ட கடனில் பெரும்பங்கைக் கழகத்தின் தலையிலேயே ஏற்றினார். ஒன்றிரண்டு பங்குகளைச் சொந்தப் பிள்ளையைப் போல வைத்திருந்த சாதாரண இரசிகர்களிடமிருந்தும் சட்டப்படி அவை கட்டாயமாக வாங்கப்பட்டன. பெர்குசனுக்குப் பின், 2013 முதல் 2024 வரை, நிலையான நியமனம் பெற்ற முகாமையாளர் ஐவர் வந்து விலக்கப்பட்டனர். உடைமையின் பெரும்பங்கோ அதே குடும்பத்தின் கையைவிட்டு அகலவில்லை. ஐந்து முறையும் இரசிகர் "மாற்று, மாற்றாதே" என்று வாதிட்டனர்; வாதத்துக்கு வெளியே ஒரு நாற்காலி அசையாமல் இருந்தது.

இதைச் சிலர் கண்டுகொண்டனர். 2005லேயே ஒரு பகுதி இரசிகர் பிரிந்து சென்று, ஆளுக்கொரு வாக்கு என்ற விதியோடு எஃப்.சி. யுனைட்டெட் என்ற சொந்தக் கழகத்தைத் தொடங்கினர். நமக்கு அருகே கேரளத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் தொடர்ந்து தோற்றபோது, 'மஞ்ஞப்படை' இரசிகர் அமைப்பு, தாம் இனி நுழைவுச்சீட்டு விற்பதில்லை, வாங்குவதில்லை என்று அறிவித்தது. அவர்கள் குறை சொன்னது நிர்வாகத்தை. சில நாட்களில், டிசம்பர் 16ஆம் தேதி, கழகம் ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரேயை நீக்கியது. விரல் நிர்வாகத்தை நோக்கி நீண்டது. தலை பயிற்சியாளருடையது உருண்டது.

இனி நம் மலைக்கு வருவோம்.

ஆட்டக் கழகமும் தேயிலைத் தோட்டமும் ஒரே காலத்து முதலாளித்துவத்தின் படைப்புகள் என்பதற்கு ஒரு சான்று போதும். 1893 முதல் இங்கிலாந்தில் ஆட்டக்காரரின் பதிவுச்சீட்டு கழகத்தின் கையில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும், கூலி கொடாவிட்டாலும், கழகம் விடுவித்தாலன்றி அவர் வேறு கழகத்தில் ஆட முடியாது. 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில்தான் அம்முறை நியாயமற்றது என்று நீதிமன்றம் கூறியது. இதைப் படிக்கும் மலையகத்தாருக்குத் 'துண்டு' நினைவுக்கு வரும். கங்காணியின் ஆட்கள் பட்ட கடன் இவ்வளவு என்று துரை எழுதிக் கொடுக்கும் அந்தச் சீட்டைக் கொண்டு போய், கடனை ஏற்றுக்கொள்ளும் வேறொரு துரையிடம் ஆட்களை ஒப்படைப்பதே துண்டு முறை. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. ஆனால், பந்தாட்டக்காரரைப் புகழ்ந்து கைதட்டக் கூட்டம் இருந்தது. கொழுந்துக் கூடை சுமந்தவளுக்கு அதுவும் இல்லை.

தோட்டத்து முகாமையாளர், அதாவது பெரிய துரை, ஆட்ட முகாமையாளரைப் போலக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தப்பட்டவர் அல்லர். காலைப் பிரட்டில் அவர் சொன்னதே வேலை, அவர் போட்டதே பெயர், லயத்தில் குடியிருப்பதும் அவர் தயவு. கொம்பனி லண்டனில், ஏஜென்சி கொழும்பில். பசறையைக் கடந்து மலையேறும் பாதையின் முடிவில், ரோபேரி, பட்டாவத்தை போன்ற தோட்டங்களில் வாழ்ந்த தொழிலாளிக்குக் கொம்பனி என்பது கண்ணால் காணாத தெய்வம். துரை கண்கண்ட தெய்வம். அவரை மாற்று என்று கேட்பது குற்றமாகவே எண்ணப்பட்டது.

அந்த எண்ணத்தை உடைத்த ஆண்டு 1940. ஜனவரியில், கண்டிச் சீமையின் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் காவல்துறை சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். அதையொட்டி எழுந்த பிணக்கில் அமைச்சர் சபையே பெப்ரவரியில் பதவி துறந்து, பின்னர் திரும்பி வந்தது. வேலைநிறுத்த அலை தெற்கே ஊவாவுக்குப் பரவியது. மே 12ஆம் தேதி பதுளையில் நடந்த பெருங்கூட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா பேசினார். காவல்துறையால் தடுக்க முடியவில்லை.

பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்தில் நடந்ததைத்தான் நாம் முக்கியமான ஏடு என்றோம். அங்கே தொழிலாளர் தமக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். தோட்ட அத்தியட்சகர் அச்சபையோடு கலந்தே நடப்பதாக ஒப்புக்கொண்டார். 'சட்டமும் ஒழுங்கும்' நாட்டச் சென்ற ஆயுதப் போலீசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். துண்டும் கடனும் கண்ட தலைமுறை இன்னும் உயிரோடிருந்த காலம் அது. வெள்ளைக்காரத் துரை, கொழுந்தெடுப்போரும் கவ்வாத்து வெட்டுவோரும் தேர்ந்த சபையின் சொல் கேட்டு நடக்க ஒப்பியதை எண்ணிப் பாருங்கள்!

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தத் துரை போனால் இன்னொரு துரை வருவார். அவரை அனுப்புவதும் அதே கொம்பனிதான். வெவெஸ்ஸத் தொழிலாளர் நிறுவிய ஏற்பாடு அந்தச் சுற்றுக்குள் அடங்கவில்லை. நாற்காலியில் யார் இருந்தாலும் எங்களைக் கேட்டே நடக்க வேண்டும் என்பது அதன் பொருள். டார்பியில் இரசிகர் கேட்டதைவிடவும், மான்செஸ்டர் அரங்கில் எழுதிப் பிடித்ததைவிடவும் இது பெரிய கோரிக்கை. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

அது நீடிக்கவில்லை. காவல்துறையின் அடக்குமுறை வந்தது. அதற்குத் துணையாகப் பெருவெள்ளமும் வந்து, ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து துண்டித்துவிட்டது. ஜூன் மாதத்தில் சமசமாஜத் தலைவர்கள் சிறைப்பட்டனர். அதே ஆண்டில் துரைமார் சங்கத்துக்கும் தொழிற்சங்கத் தரப்புக்கும் இடையே ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது உண்மை. வெவெஸ்ஸவின் சபையை அது எட்டவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம், புசல்லாவையின் ஸ்டெலன்பேர்க் தோட்டத்தில் போப் என்ற துரை கொல்லப்பட்டார். இரண்டு தொழிலாளர் தூக்கில் ஏற்றப்பட்டனர். கேட்டு மாற்ற வழியில்லாத இடத்தில் பகை எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம்.

பின்பு நாட்டின் முகாமையாளரை மாற்றும் உரிமையும் பறிபோயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் திருத்தமும் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கை அழித்தன. அக்கணக்குத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையே தோட்டங்களின் உடைமை இரண்டு முறை கைமாறியது. 1975இல் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்னும் இரு நிறுவனங்களின் கீழ்ப் பெருமளவில் வந்தன. துரையின் நிறம் மாறியது. பங்களா மாறவில்லை, பிரட்டு மாறவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மடுல்சீமையின் பெயரைத் தாங்கிய கம்பெனியும் அவற்றில் ஒன்று. இரண்டு முறையும் பிரட்டுக் களத்தில் நின்றவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில ஆண்டுகளில் இக்கம்பெனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது, பத்திலொரு பங்கு தொழிலாளருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. அதாவது, மான்செஸ்டர் இரசிகரிடமிருந்து பறிக்கப்பட்ட பொருள் மடுல்சீமைத் தொழிலாளியின் கைக்குத் தானாகவே வந்து சேர்ந்தது. அந்தப் பங்குத் தாளைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, மறுநாள் காலை, புதிய துரை யாராம் என்று விசாரித்துக்கொண்டே மலைக்குப் போனார்கள்.