கார்டு வண்டி மாதிரி நிர்மாணம்

கூட்ஸ் வண்டியின் கடைசியில் கார்டுக்கென்று இணைக்கப்படும் பிரேக் வேனை, கடையில் விற்கும் உருப்படிகளைப் பொருத்தி முடிக்காமல், தகடு, கம்பி, மரம், அட்டை முதலிய மூலப்பொருள்களிலிருந்தே அளவு பிசகாது சிற்றுருவில் சமைப்பது கார்டு வண்டி மாதிரி நிர்மாணம் எனப்படும். சக்கரம், இணைப்புக் கொக்கி ஆகியவற்றை மட்டும் வாங்கிக்கொள்ள இக்கலையினர் சம்பிரதாயமாக இடங்கொடுப்பர். அமெரிக்காவில் இதற்கு நிகரான வாகனம் கபூஸ். கூரைமேல் காவல் மாடமும், உள்ளே அடுப்பும் படுக்கையும் கொண்ட அதனை மாதிரியாகச் சமைப்போர் அங்கே ஏராளம். இந்தியப் பிரேக் வேனோ மாடமற்றது. இரு முனைகளிலும் திறந்த தாழ்வாரம், நடுவே ஒரு சிற்றறை, அதற்குள் ஓர் ஆசனம், கைப்பிரேக்குச் சக்கரம், அழுத்தமானி, அவசரத்தில் வண்டியை நிறுத்த ஒரு வால்வு என்று அதன் சாமான்கள் சொற்பமே. வண்டி முழுவதற்கும் ஒருங்கே பிரேக் பிடிக்கும் ஏற்பாடு பரவாத காலத்தில், சரிவில் பின்பாரம் முன்னே உந்தாமலும், கொக்கி அறுந்த பெட்டிகள் பின்னோக்கி ஓடாமலும் காத்தது இவ்வாகனத்தின் கனமும் கார்டின் கைப்பலமுமே ஆகும்.

தருமபுரி மாவட்டம் இக்கலைக்கு விசேஷமான நிலம். சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த காலத்திலேயே, பஞ்சம் வந்தால் தானியம் சேர்க்க வழி வேண்டும் என்ற நோக்கத்தோடு, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் நீளத்தில் 762 மில்லிமீட்டர் அகலமுள்ள குறும்பாதை ஒன்று போடப்பட்டு, 1906 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், மூடப்பட்டது. பின்னர் 1960களில் சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் மீட்டர் கேஜ் பாதை தருமபுரி வழியே வந்து, அதுவும் 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. ஆக, ஒரு நூற்றாண்டிற்குள் மூன்று வெவ்வேறு அகலங்களில் ரயில் ஓடிக் கண்ட ஊர் தருமபுரி. மொரப்பூரோடு அதனை மறுபடி இணைக்கும் சுமார் 36 கிலோமீட்டர் அகலப்பாதைத் திட்டத்திற்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

இம்மூன்று அகலங்களில் எதனைத் தேர்வது என்பதே நிர்மாணிப்பவருடைய முதற்பிரச்சினை. உலகில் மிகுதியாக வழங்கும் எச்ஓ அளவு உண்மையை 87இல் ஒரு பங்காகச் சுருக்குவது. அதற்கென விற்கப்படும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர் பாதையைக் குறிப்பது. நம்முடைய 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையை அதே கணக்கில் சுருக்கினால் 19 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அத்தகைய தண்டவாளத்தைத் தாமே செய்துகொள்ளாதவர் விற்பனைத் தண்டவாளத்தில் வண்டியை ஏற்றும்போது, உடல் அகன்றும் கால் ஒடுங்கியும் அது விகாரமாகத் தோன்றுவதைத் தவிர்க்க முடியாது. மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறத்தாழப் பொருந்தும். குறும்பாதையைச் சுருக்கினாலோ 8.8 மில்லிமீட்டர் வருகிறது. எங்கும் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் என்-கேஜ் தண்டவாளம் அதற்கென்றே அமைந்தாற்போல் இருக்கிறது. பெரிய உருவை விரும்புவோர் 48இல் ஒரு பங்கு அளவில் உடலைச் செய்து 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே ஓட்டலாம். மறைந்துபோன பழைய பாதையே மாதிரிக்கு மிகவும் இசைந்திருப்பது தருமபுரிக்காரருடைய பாக்கியம் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்தது ஆதாரம் திரட்டுதல். சென்னைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்திய அலுவலக ஆவணங்களும் அக்கால ரயில்வேத் தஸ்தாவேஜுகளைக் கொண்டுள்ளன. 1903இல் திறக்கப்பட்டு இன்றும் ஓடும் கால்கா–சிம்லா பாதை அதே 762 மில்லிமீட்டர் அகலமுடையது ஆகையால், அக்காலக் குறும்பாதை வாகனங்களின் உடற்கட்டை நேரில் அறிய அது உதவும். பழைய ரயில் வாகனங்களைக் கண்ணாரக் கண்டு பழக, சென்னைப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) வளாகத்தை ஒட்டிய அருங்காட்சியகமும் திருச்சி ரயில் அருங்காட்சியகமும் இருக்கின்றன. புகைப்படம் மாத்திரமே கிடைத்த இடத்தில், அதில் தெரியும் சக்கரத்தின் விட்டம் போன்ற அறிந்த அளவொன்றைப் பிடித்துக்கொண்டு, நேர்ப்பக்கமாக எடுத்த படமாயின், மற்ற அளவுகளை விகிதத்தால் பெறலாம். சாய்ந்த கோணத்தில் எடுத்த படத்திற்கு இம்முறை செல்லாது.

வேலையின் நுட்பமெல்லாம் விகிதத்தில் அடங்கியிருக்கிறது. எச்ஓ அளவில் ஓர் அடி 3.5 மில்லிமீட்டர் ஆவதால், 20 அடி உடல் 70 மில்லிமீட்டராகவும், 6 அங்குலப் பலகை 1.75 மில்லிமீட்டராகவும், ஓர் அங்குலக் கைப்பிடிக் கம்பி 0.3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் சுருங்கும். பலகைச் சுவருக்கு அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் தகட்டின்மேல் எஃகு அளவுகோலைப் பதித்து, கூரிய முனையால் மெல்லக் கீறிக் கோடுகள் இடுவர். ஜன்னல்களைச் சுவர் தட்டையாகக் கிடக்கும்போதே வெட்டிவிட வேண்டும், பெட்டியாக ஒட்டியபின் வெட்டுவது அசாத்தியம். இரும்புத் தகட்டு உடலாயின் ஆணித்தலைகளைத் தகட்டின் பின்புறமிருந்து ஊசியால் குத்தி எழுப்புவர். கைப்பிடிகளுக்கும் தாழ்வாரக் கிராதிக்கும் பித்தளைக் கம்பியே உத்தமம். அதனைப் பசையால் ஒட்டுவதைக் காட்டிலும் ஈயம் வைத்துப் பற்றவைப்பது நெடுநாள் நிற்கும். பிரேக் வேனின் அழகு முழுவதும் இந்தத் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. கிராதி தடித்துவிட்டால் மற்ற வேலைப்பாடு எவ்வளவு சிறந்தும் வண்டி பொம்மையாகிவிடும்.

நான்கு சக்கர வாகனத்திற்குச் சட்டம் கட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு அச்சுகளையும் அசையாமல் இறுக்கிவிட்டால், தண்டவாளத்தின் மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்று வண்டி தடம் புரளும். ஆதலால் ஓர் அச்சை நிலையாக வைத்து, மற்றதை வண்டியின் நடுக்கோட்டில் உள்ள ஊசிமேல் இருபுறமும் சாயும்படி அமைப்பர். அவ்வாறு செய்தால் நான்கு சக்கரமும் எப்போதும் தண்டவாளத்தில் அமர்ந்திருக்கும். இத்துடன் கனமும் அவசியம். 1935இல் அமெரிக்காவில் தோன்றிய தேசிய மாதிரி ரயில் சங்கம், எச்ஓ வண்டிக்கு ஓர் அவுன்சும், அதன்மேல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்திற்கும் அரை அவுன்சும் சிபாரிசு செய்கிறது. குறும்பாதை வண்டிக்கு இதனிற் சற்றுக் குறைவு போதும். ஈயத் துண்டுகளைத் தரைக்கடியில் மறைத்து இக்கனத்தைச் சேர்க்கலாம்.

வர்ணம் பூசுமுன் தகட்டைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப்பசை போக்கி, மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை பூசுதல் வேண்டும். கடைசி வாகனம் என்பதற்கு அடையாளமாகப் பகலில் தொங்கும் எல்.வி. பலகையும், இரவில் எரியும் சிவப்பு விளக்கும் இல்லாத பிரேக் வேன் மாதிரி பூரணமாகாது.

பாரதத்தில் மாதிரி ரயில் கலை இன்னும் பரவலாகவில்லை எனினும், புணேயில் பாவு ஜோஷி 1998இல் திறந்த சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் அதன் சாத்தியத்தை நன்கு நிரூபித்தது. இதற்கிடையில் அசல் பிரேக் வேனின் காலமோ முடிவை நெருங்குகிறது. அமெரிக்காவில் 1980களிலிருந்து, வண்டியின் வாலில் மாட்டப்படும் மின்னணுக் கருவி கபூஸின் இடத்தைப் பற்றிக்கொண்டது. அதே வகைக் கருவியை இந்திய ரயில்வேயும் கைக்கொண்டு வருகிறது. கார்டு என்ற உத்தியோகப் பெயரும் 2022 ஜனவரியில் ரயில் மேலாளர் என்று மாறிவிட்டது. தருமபுரியின் குறும்பாதை வண்டிகளை அளந்து வைக்கும் சந்தர்ப்பம் நம் முன்னோருக்கு இருந்து, நமக்கு இல்லாமற் போயிற்று. இன்றைய பிரேக் வேன்களோ இன்னும் கூட்ஸ் வண்டிகளின் பின்னே தருமபுரியைக் கடந்து போகின்றன. அனுமதியின்றி யார்டுக்குள் நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டப்படி குற்றமாகையால், இக்கலையில் ஆர்வமுள்ளோர் உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, அவற்றை அங்குலம் அங்குலமாக அளந்து, படமெடுத்து, வரைந்து வைத்துக்கொள்வார்களாக.