குளியாளின் கல்

முத்துக்குளித்துறையின் வரலாற்றை எழுதுவோர் முத்தைப் பற்றியே மிகுதியாக எழுதுகின்றனர். குளியாளைக் கடலடிக்கு இட்டுச் சென்ற கல்லைச் சிறிது நோக்குவோம்.

மூச்சை நிறைத்த உடலைக் கடல்நீர் மேலே தள்ளும். நீந்தியே ஆழம் சேர்வதென்றால் பாதி மூச்சு வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே குளியாள் கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மேல் கால் வைத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினான். அடியைத் தொட்டதும் காலை எடுப்பான். படகிலுள்ள துணையாள் கல்லை இழுத்துக்கொள்வான். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பிகளை வாரிப் பையிலிட்டு, மற்றொரு கயிற்றை அசைப்பான். அவன் இளைப்பாறுகையில் வேறொருவன் அதே கல்லில் இறங்குவான். ஒரு கல் என்றால் இரண்டு உயிர்கள்.

ஆட்சியாளர் கணக்கிலோ கல்லே அலகாயிற்று. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்தில் கல்லுக்கு இவ்வளவு என்று வரி தண்டப்பட்டது. மதுரை நாயக்கருக்கு உரிய வரியற்ற கற்கள் 96½: கிறிஸ்தவக் கல் 10, இந்துக் கல் 4½, முஸ்லிம் கல் 82. குளிப்பவனின் சமயம் கல்லின்மேலும் ஏறிற்று! அரைக் கல்லில் கால் வைத்து எவரும் இறங்கியதில்லை. அது ஏட்டில் மட்டுமே கனத்த கல்.

1530களில் திருமுழுக்குப் பெற்ற பரதவரின் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கும் வரியற்ற கற்கள் இருந்தன. நம்மவர் என்பதற்காக இதனை மறைப்பது நேர்மையாகாது. பாதிக் கல்லையும் விடாது எண்ணிய அப்பட்டியல், மூச்சடக்கியவன் எவன் பெயரையும் குறிக்கவில்லை.