சுருக்கமும் தெளிவும்: பைதான் வகைக் குறிப்புகளின் தொடரமைப்பு வரலாறு

பைதான் நிரலாக்க மொழியில் மாறிகளின் வகையை அறிவிக்க வேண்டியதில்லை. எழுதுவோர்க்கு எளிமை தந்த இப்பண்பு, நிரல்கள் பெருகியபோது படிப்போர்க்கு இடராயிற்று. ஒரு செயற்கூறு எண்ணை ஏற்குமா, சரத்தை ஏற்குமா என்பதை அதன் உள்ளே புகுந்தே அறிய வேண்டியிருந்தது. கைடோ வான் ராசம், யூக்கா லேத்தோசாலோ, லூக்காஷ் லாங்கா ஆகியோர் 2014இல் எழுதிய 484ஆம் மேம்பாட்டு முன்மொழிவு இதற்கென வகைக் குறிப்புகளை வரையறுத்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த 3.5ஆம் பதிப்பில் அவை இடம்பெற்றன.

மொழியின் இலக்கணம் அப்போது மாற்றப்படவில்லை. குறிப்புக்குரிய சொற்கள் 'டைப்பிங்' என்னும் தனித் தொகுதியில் வைக்கப்பட்டன. அதன் விளைவு நீளம். மொழியிலேயே 'லிஸ்ட்' இருக்க, குறிப்புக்கெனப் பெரிய எழுத்தில் தொடங்கும் இன்னொரு 'லிஸ்ட்' தேவைப்பட்டது. நன்னூல் குற்றமாக எண்ணும் கூறியது கூறல் இதுவே எனலாம். 2020இல் 3.9ஆம் பதிப்பு இவ்விரட்டிப்பை நீக்கியது. 2021இல் 3.10ஆம் பதிப்பு, 'யூனியன்' என்ற சொல்லுக்கு ஈடாக இரு வகைகளுக்கிடையே | என்னும் நிலைக்கோட்டை ஏற்றது. இரண்டும் முன்பே மொழியில் இருந்த குறிகளுக்குப் புதிய பணி தந்தவை. புதிய இலக்கணம் வேண்டாதவை.

677ஆம் முன்மொழிவு வேறுபட்டது. செயற்கூறு ஒன்றின் வகையைக் குறிக்கும் 'காலபிள்' சொல்லும் அதன் இரட்டைச் சதுர அடைப்பும் பலர்க்கும் தொல்லையாக இருந்தன. அவற்றுக்கு மாற்றாக, பிறை அடைப்பையும் -> என்னும் அம்புக்குறியையும் கொண்ட வடிவத்தை அது வேண்டியது. குறை உண்மையானதே. ஆயினும் செயற்கூறின் தலைப்பில் விளைவைச் சுட்ட அம்புக்குறி முன்பே உள்ளது; செயற்கூறு இன்னொரு செயற்கூறைத் திருப்பித் தரும்போது ஒரே வரியில் அம்புகள் அடுக்கிவரக் கண் தடுமாறும். வழிகாட்டுக் குழு 2022 பிப்ரவரியில் அதனை மறுத்தது. குறிப்புகளுள் ஒரு பகுதிக்கு மட்டும் பயன்படுவதற்காக மொழி முழுவதும் புதுத் தொடரமைப்பைச் சுமக்க வேண்டுமா என்பதே அதன் தயக்கம். வகைக் குறிப்பே எழுதாத பயனரையும் கருத்திற்கொண்ட அம்முடிவு நியாயமானது.

புதுமை அனைத்தும் விலக்கப்பட்டது என்பதன்று. வகை மாறியின் பெயரை மாறியாக ஒருமுறையும் மேற்கோளுக்குள் ஒருமுறையும் எழுதும் வழக்கை 2023இல் 3.12ஆம் பதிப்பு மாற்றியது. செயற்கூறின் பெயரையடுத்துச் சதுர அடைப்பில் வகை மாறியை எழுதும் புதிய இலக்கணம், எழுத்தைச் சுருக்கியதோடு அம்மாறி எதுவரை செல்லும் என்பதையும் புலப்படுத்தியது. 'காலபிள்' இன்றும் பழைய அடைப்புகளுடனே எழுதப்படுகிறது.