நல்லாசிரியர்

மாணவரிடம் கற்கும் வேட்கையை எழுப்பி, பள்ளியை விட்டுச் சென்ற பின்னும் அவர்கள் தாமாகத் தேடிக் கற்குமாறு செய்பவர் நல்லாசிரியர் எனப்படுவார். பாடத்தைப் பிழையின்றி நடத்தி முடிப்பவர் எல்லாரும் இவ்வகையில் அடங்கார். நல்லாசிரியரின் பண்புகளைத் தொகுத்துக் கூறும் வழக்கம் தமிழில் தொன்மையானது. அப்பண்புகள் நடைமுறையில் எவ்வாறு அமைந்தன என்பதற்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் குருகுலமும் நீலகிரி மலைப்பள்ளிகளும் சான்றுகளாகும். உதகை வட்டத்துச் சோலூர் போன்ற பன்மொழிப் பகுதிகளில் இப்பண்புகளுள் எது முதன்மையானது என்பது தெளிவாகப் புலப்படுகிறது.

நன்னூல் கூறும் இலக்கணம்

ஆசிரியர் பண்புகளை முறையாக வகுத்துரைக்கும் தமிழ் நூல்களுள் தலைசிறந்தது நன்னூல். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, சமண முனிவராகிய பவணந்தியார் இதனை இயற்றினார். நூலின் 462 நூற்பாக்களில் 55 பாயிரமாக அமைந்துள்ளன. எழுத்தும் சொல்லும் பற்றிய இலக்கணத்தைத் தொடங்கும் முன், நூல் எத்தகையது, அதைக் கற்பிப்பவர் யார், எப்படிக் கற்பிக்க வேண்டும், கற்பவர் யார், எப்படிக் கற்க வேண்டும் என்னும் ஐந்தையும் முனிவர் விளக்குகிறார். மயிலைநாதர், சங்கர நமச்சிவாயர், சிவஞான முனிவர், ஆறுமுக நாவலர் முதலியோர் இந்நூலுக்கு உரை கண்டும் உரை திருத்தியும் இப்பகுதியைத் தலைமுறை தலைமுறையாகப் பாடசாலைகளில் நிலைபெறச் செய்தனர்.

ஆசிரியருக்கு வேண்டியவையாகப் பவணந்தியார் கூறுவன: நற்குடி, அருள், இறைவழிபாடு, மேன்மை, பல கலைகளிலும் தெளிவு, எடுத்துச் சொல்லும் வன்மை, உலகியல் அறிவு, உயர்ந்த குணம். குடி என்பதற்குப் பிறப்பால் உயர்வு என்று பொருள் கொண்டோர் உண்டு. ஒழுக்கம் நிறைந்த சூழலில் வளர்ந்தமை என்பதே பொருந்தும் பொருளாகும். அருள் இப்பட்டியலில் முன்னும் கலைத்தெளிவு அதன் பின்னும் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. மாணவன் மீது அன்பில்லாதவரிடம் உள்ள கல்வி மாணவனைச் சென்று சேர்வதில்லை.

இவற்றுடன் நான்கு உவமைகளால் ஆசிரியரின் மாட்சி விளக்கப்படுகிறது. நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பன அவை.

நிலத்தின் பரப்பு எளிதில் அளந்தறிய இயலாதது. அது எவ்வளவு பாரத்தையும் தாங்கும், தோண்டுவாரையும் பொறுக்கும், பருவத்தில் உழைத்தவனுக்கு உழைப்பின் அளவே பயன் தரும். ஆசிரியரின் அறிவும் உறுதியும் பொறுமையும் இத்தகையவை. மாணவன் முயன்ற அளவுக்கே பயன் கிட்டும் என்ற எச்சரிக்கையும் இதில் அடங்கியுள்ளது.

மலையின் உயரமும் அதிலுள்ள பொருள்களும் கணக்கில் அடங்கா. அது அசையாது நிற்கும். தொலைவில் இருப்பவர்க்கும் தோன்றும். மழை பொய்த்த காலத்திலும் தன்னை அண்டியவர்க்கு வளம் தரும். தமக்குத் தட்டுப்பாடு வந்த காலத்திலும் கொடுப்பதை நிறுத்தாத ஆசிரியரை இவ்வுவமை சுட்டுகிறது.

துலாக்கோல் எடையை ஐயம் தீரக் காட்டும், எப்பக்கமும் சாயாது. பொருளை ஐயமறத் தெளிவித்தலும், மாணவர்களிடையே வேறுபாடு காட்டாத நடுநிலையும் இதனால் பெறப்படும்.

மலர் மங்கல நிகழ்ச்சி எதற்கும் இன்றியமையாதது. அனைவரும் விரும்பி அணிவது; மென்மையானது; உரிய பொழுதில் மலர்வது. கற்பிக்கும் வேளையில் ஆசிரியரின் முகம் மலர்ந்திருக்க வேண்டும் என்பதைப் பவணந்தியார் ஓர் இலக்கணமாகவே வைத்திருக்கிறார்.

ஆசிரியர் ஆகாதார்

நன்னூல் யார் ஆசிரியர் ஆகார் என்பதையும் வகுத்துள்ளது. பொறாமை, பேராசை, வஞ்சகம், சொல்லும் திறன் இன்மை ஆகியவற்றோடு, மாணவர் அஞ்சும்படி பேசுதலும் இவ்வகையில் சேர்க்கப்பட்டுள்ளது. பிரம்பும் உருட்டும் விழியும் ஆசிரியத் தொழிலுக்கு உரியவை என்று பலர் எண்ணியிருந்த சமூகத்தில், அச்சுறுத்தும் பேச்சு ஆசிரியத் தகுதியையே போக்கிவிடும் என்று ஓர் இலக்கண நூல் அறுதியிட்டது பெரிய செய்தியாகும்.

இவர்களுக்கும் நான்கு உவமைகள் உண்டு. முதலாவது, கழற்சிக்காய் பெய்த குடம். கவிழ்த்தால் போட்ட வரிசையில் காய் வராது. அதுபோல, தாம் கற்ற ஒழுங்கில் கற்பிக்கத் தெரியாதவர். இரண்டாவது, மடல் சூழ்ந்த பனை. ஏறிப் பறிக்க விடாது. தானே வீழ்த்தும் பழத்தையே எடுத்துக்கொள்ளலாம். கேட்டால் சொல்லாது தாம் நினைத்தபோது மட்டும் சொல்பவர். மூன்றாவது, பஞ்சடைத்த குடுக்கை. அரிதின் அடைபட்டு அரிதின் வெளிவரும். தாமும் வருந்திக் கற்று, மாணவரையும் வருத்திக் கற்பிப்பவர். நான்காவது, வளைந்த தென்னை. நீர் ஊற்றியவன் ஒருவன் இருக்க அயலான் முற்றத்தில் காய் வீழ்த்தும். தம்மைப் பேணியவருக்குப் பயன்படாமல் பிறருக்குப் பயன்படுபவர்.

கற்பிக்கும் முறை

காலமும் இடமும் அறிந்து, தக்க இருக்கையில் அமர்ந்து, இறைவனை வாழ்த்தி, சொல்லவேண்டிய பொருளை முன்னரே மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு, அவசரமோ சினமோ இல்லாமல், விருப்பத்தோடு கற்பிக்க வேண்டும் என்பது நன்னூல் நெறி. கேட்பவன் எந்த அளவில், எந்த வகையில் ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து அவனது உள்ளம் கொள்ளுமாறு சொல்லவேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. பிற நெறிகள் அனைத்தும் இதற்குத் துணை செய்வனவே.

கற்பவரின் பொறுப்பும் கூறப்பட்டுள்ளது. ஆசிரியர் சொன்னதை முழுமையாக ஏற்றாலும் மாணவனுக்குப் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன் பயில்வோரோடு கலந்து ஆராய்வதால் இன்னொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் நிறைவுறும். மாணவனை மற்றொருவருக்குக் கற்பிக்கும் நிலைக்கு உயர்த்துவதே ஆசிரியரின் முழு வெற்றி என்பது இதனால் தெளிவாகிறது.

மாணாக்கரை அன்னமும் பசுவும் போன்ற முதல்நிலையினர், மண்ணும் கிளியும் போன்ற இடைநிலையினர், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்ற கடைநிலையினர் என மூன்றாகப் பகுத்து, சோம்பேறி, சினத்தன், மந்தன் முதலியோர் பாடம் கேட்கத் தகாதவர் என்றும் நூல் கூறும். குருகுல ஆசிரியர் மாணவரைத் தேர்ந்துகொள்ளக்கூடிய காலத்து வரையறை இது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின் பள்ளிகள் பொதுவாகக் குழந்தைகளை இவ்வாறு ஒதுக்க இயலாது.

இலக்கணத்துக்கு இலக்கியம்: மீனாட்சிசுந்தரம் பிள்ளை

நன்னூல் வகுத்த இலக்கணத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் உயிருள்ள சான்றாக வாழ்ந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). திருச்சிராப்பள்ளியிலும் மாயூரத்திலும் வாழ்ந்து, திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கினார். வறுமையும் கடனும் அவரைத் தொடர்ந்தன. ஆயினும் நாடிவந்த மாணவருக்குப் பாடம் சொல்வது எந்நாளும் நின்றதில்லை. அவர்களுக்கு உணவும் இடமும் கிடைக்கச் செய்தார். வறட்சியிலும் வளம் தரும் மலை என்னும் உவமை இவருக்கு முழுமையாகப் பொருந்தும்.

சாதி சமய எல்லைகளும் அவரது பாடத்தைத் தடுக்கவில்லை. கிறித்தவரான சவேரிநாத பிள்ளை, நாகூரைச் சேர்ந்த இசுலாமியப் புலவர் குலாம் காதிறு நாவலர், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஆகியோர் அவரிடம் கற்றவர்கள். 1871இல் வந்து சேர்ந்த உ.வே. சாமிநாதையர் பின்னாளில் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி 1933, 1934 ஆண்டுகளில் வெளியிட்டார்.

பிள்ளையவர்கள் நூல் இயற்றிய முறையே ஒரு பாடமாக இருந்தது. மாணவர் ஒருவர் ஏடும் எழுத்தாணியுமாக எதிரில் அமர்ந்திருப்பார். ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பவற்றை ஒப்பிப்பதுபோல ஆசிரியர் புதிய செய்யுட்களைத் தடையின்றிச் சொல்லிக்கொண்டு போவார். எழுதுபவர் கை சளைக்கும் அளவுக்கு அது தொடரும். ஒரு செய்யுள் எப்படிப் பிறக்கிறது என்பதை மாணவர்கள் கண்ணெதிரே கண்டனர். ஆசிரியர் தம் கலையில் ஈடுபட்டிருப்பதை அருகிருந்து காண்பதைவிட வலிய தூண்டுதல் வேறில்லை. பழந்தமிழ் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த சாமிநாதையரின் உழைப்பு அக்குருகுலத்தில் வேர்கொண்டதேயாகும்.

நீலகிரியில் பள்ளிகள்

பிள்ளையவர்கள் வாழ்ந்த அதே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீலகிரியில் ஐரோப்பியர் முறைப் பள்ளிகள் தோன்றின. கேத்தியில் 1846இல் பாசல் மிஷன் நிலைகொண்டு படுகர் ஊர்களில் கல்விப்பணியைத் தொடங்கியது. லவ்டேலில் உள்ள லாரன்ஸ் விடுதிப் பள்ளி 1858இல் ஏற்பட்டது. சென்னை எழும்பூரில் இயங்கிய படைவீரர் பிள்ளைகளின் ஆதரவில்லம் பின்னர் இதனோடு இணைக்கப்பட்டது. 1789 முதல் அவ்வில்லத்துக்குப் பொறுப்பேற்றிருந்த ஆண்ட்ரு பெல், நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும், சட்டாம்பிள்ளை இளையவர்க்குச் சொல்லித் தருவதையும் தம் பள்ளியில் மேற்கொண்டு, 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இம்முறை இங்கிலாந்தில் பரவியது. பிறர்க்கு உரைப்பதால் புலமை நிறைவுறும் என்னும் நன்னூல் கருத்தின் எளிய வடிவம் இது.

இன்றைய மலைப்பள்ளிகளின் சூழலுக்கு உதகை வட்டத்துச் சோலூர் பேரூராட்சி ஓர் எடுத்துக்காட்டு. படுகர் ஊர்களும், நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் ஏழு ஊர்களுள் ஒன்றான சோலூர் கோக்காலும், மந்துகள் எனப்படும் தோடர் குடியிருப்புகளும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் இப்பகுதியில் உள்ளன. வீட்டில் படுகு, கோத்தம், தோடம் எனத் தனித்தனி மொழி பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் தமிழ்ப் பாடநூலைத் திறக்கின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியமர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் தமிழும் சமவெளித் தமிழிலிருந்து சற்று வேறானது. கேட்பவன் கொள்ளும் வகையை அறிதல் என்னும் நெறி இங்கு மொழியிலிருந்து தொடங்குகிறது. முதல் வகுப்புப் பிள்ளையின் வீட்டு மொழியில் நாலு சொல் பேசும் ஆசிரியர், அப்பிள்ளை பள்ளியைத் தன் இடமாகக் கருதும்படி செய்துவிடுகிறார்.

கோத்தர் ஆசிரியர் சுல்லி

நீலகிரியின் ஆசிரியர்களுள் உலக அறிஞர்கள் அறிந்த பெயர் கே. சுல்லி. அங்குள்ள கொல்லிமலை என்னும் கோத்தர் ஊரைச் சேர்ந்தவர், தம் மக்களில் முதன்முதலாக ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுள் ஒருவர், பள்ளி ஆசிரியர். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்த மொழியியலாளர் எமனோ கோத்தர் மொழியை இவரிடமே கற்றார். இவர் சொல்லச் சொல்ல எழுதிய கதைகள் ‘கோத்தர் உரைகள்’ என நான்கு பகுதிகளாக 1944–46இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. எழுத்து வடிவம் இல்லாதிருந்த ஒரு மொழி அறிவுலகில் இடம்பெற்றது ஒரு பள்ளி ஆசிரியரின் நிரல்பட எடுத்துரைக்கும் திறனால்தான்.

மானிடவியலாளர் மாண்டல்பாம் 1960இல் இவரைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு இவரைத் தம் மக்களின் சீர்திருத்தக்காரர் எனக் குறிக்கிறது. கோத்த ஆண்கள் நீள்முடி வளர்த்துக் கொண்டையிடும் வழக்கத்தை விட்டு இவர் முடியைக் கத்தரித்துக்கொண்டபோது ஊர்ப் பெரியவர்களின் கடும் எதிர்ப்பு எழுந்தது. செத்த மாட்டின் இறைச்சியை உண்பதையும், பிற சாதியார் சாவுக்கு இசைக்கச் செல்வதையும் கைவிட வேண்டும் என்று வலியுறுத்தினார். நடந்ததைவிடச் சற்றுச் செப்பமாகவே இவர் கதை சொல்வார் என்றும் மாண்டல்பாம் குறித்திருக்கிறார். நன்னூல் பட்டியலில் இல்லாத ஒரு பண்பைச் சுல்லியின் வாழ்க்கை சேர்க்கிறது: தாம் சரியென்று கண்டதைத் தம் ஊரார் முன் முதலில் தாமே செய்துகாட்டும் துணிவு.

இக்கால நிலை

செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாக 1962 முதல் கொண்டாடப்படுகிறது. சிறந்த ஆசிரியர்களுக்குத் தமிழ்நாடு அரசு டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரில் விருது வழங்குகிறது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறது. மலைப்பகுதிப் பள்ளிகள் பல ஈராசிரியர் பள்ளிகளாகவே இயங்குகின்றன. அங்கு பணிபுரிவோருக்குப் பிள்ளைகளின் வீட்டு மொழிகளில் முறையான பயிற்சி அளிப்பது இன்றியமையாத தேவையாகும்.